ரோஸ்லின் சிஸ்டரின் சார்ட்டும் செத்துப்போன லித்தியம் பேட்டரியும்

1. முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு போன் வந்தது. தட்டில் இன்னும் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது.

"சேகர் தம்பியா? தார்நாகால இருந்து ரோஸ்லின் பேசுதேன். மக வண்டி எந்திரிக்க மாட்டேங்குது. வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம்."

என்ன வண்டி என்று கேட்டேன். பெயரைச் சொன்னதும் இட்லியை மறந்துவிட்டேன். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். இன்ஜின் பின்பக்கம், டிக்கி முன்பக்கம். அந்த மாடலில் எடையைக் குறைக்க ஸ்டார்ட்டிங் பேட்டரியே லித்தியத்தில் வரும். செகந்திராபாத் பக்கத்துப் பாலாநகரில் நாற்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் நடத்தும் நான் அந்த வண்டியைத் தொட்டது மொத்தம் நாலு தடவைதான். லித்தியம் வந்தபோது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அமீர்பேட்டில் ஒரு இன்ஸ்டிடியூட்டில், என் மகன் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கோர்ஸ் படித்தேன். சர்டிபிகேட் இப்போதும் ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்குகிறது, கொஞ்சம் கோணலாக.

"யாரு கை வச்சது?" என்று கேட்டேன்.

இது என் வழக்கமான முதல் கேள்வி. கஸ்டமர் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன். தெருமுனை மெக்கானிக் யாராவது தப்பாக ஒயரைச் சொருகியிருப்பான், அதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கலாம் என்பது என் கணக்கு. கேட்கிற குரலும் போலீஸ்காரர் குரல் மாதிரிதான் இருக்கும் என்று என் மனைவி சொல்லுவாள். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்ப வருவேன்.

சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "யாரும் கை வைக்கல தம்பி. நேத்துதான் நின்னுச்சு. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

2. டிக்கிக்குள் இருந்த சார்ஜர்

ரோஸ்லின் சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் போனபோது கஞ்சி போட்ட காட்டன் புடவையில் கேட்டருகே நின்றிருந்தார். டியூட்டிக்குக் கிளம்புகிறவர் போலத்தான் இருந்தது.

மகள் ஜெனி கப்பலில் இன்ஜினியர். சம்பளத்தைச் சேர்த்துவைத்து இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் கப்பல் ஏறும்போது சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அவ அப்பா இருந்திருந்தா கையப் புடிச்சு கோவிலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருப்பார்," என்றார் சிஸ்டர். சர்ச்சைத்தான் அவர்கள் கோவில் என்பார்கள். "அவர் இல்லையே. நானே வண்டி ஓட்டி வருவேன், நீ பக்கத்துல உக்காரு, வேற எந்த வண்டியும் வேண்டாம்னு சொல்லிட்டா. சபையில எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு சாயங்காலம் வந்து எறங்குதா."

வண்டி ஷெட்டில் இருந்தது. சிவப்பு நிறம், ஒரு தூசி இல்லை. சாவியின் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

"இதுக்குன்னு ஒரு சின்ன சார்ஜர் வருமே சிஸ்டர். வண்டி சும்மா நிக்கிறப்போ ப்ளக்ல போட்டு வைக்கிறது. மக குடுத்துட்டுப் போகலையா?"

"குடுத்தா. போட்டு வைன்னுதான் சொன்னா. இங்க கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது, புதுச் சாமான் கெட்டுப் போயிரும்னு கவர் பிரிக்காம பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"வண்டி டிக்கியிலதான்."

நம் வீடுகளில் ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுவோம், சோபாவுக்குத் துணி போடுவோம், துணி அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு போடுவோம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இந்த வண்டியில் பேட்டரி இருப்பது முன் டிக்கியில். டிக்கி திறப்பது கரண்டில். கரண்ட் தர வேண்டிய பேட்டரியும், அதை உயிரோடு வைத்திருக்க வேண்டிய சார்ஜரும் பூட்டின டிக்கிக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

இதற்கு வழி உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பதற வேண்டாம். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறக்க வேண்டும். காலடியில் ஃப்யூஸ் பாக்ஸ் இருக்கும். அதில் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு சிவப்பு டெர்மினல். வெளியிலிருந்து ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவை கதவுக் கொக்கியிலும் கொடுத்தால் டிக்கி பூட்டுக்கு மட்டும் உயிர் வரும். அது டிக்கியைத் திறக்க மட்டும்தான். அந்த வழியாகவே சார்ஜும் போட்டுவிடலாம் என்று புத்திசாலித்தனம் காட்டினால் ஒயரிங் பொசுங்கும்.

கொடுத்தேன். அலாரம் ஊரைக் கூட்டியது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பனியன் போட்ட ஒருவர் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா சிஸ்டர்?" என்றார். "குச் நை பாய் சாப், டிக்கி குல்யா," என்று சிஸ்டர், ஒன்றுமில்லை டிக்கிதான் திறந்தது என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

3. ரவுண்ட்ஸ்

மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்யம். சுத்தமான பூஜ்யம்.

லெட் ஆசிட் பேட்டரி பூஜ்யம் காட்டினால் கதை முடிந்தது. லித்தியம் அப்படி இல்லை. அதற்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. சார்ஜ் ரொம்பக் கீழே இறங்கினால் அது கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண சார்ஜர் போட்டால் பேட்டரியே இல்லை என்று சொல்லும். லித்தியத்துக்கென்று இருக்கும் சார்ஜரில் 'வேக் அப்' என்று ஒரு பட்டன் உண்டு. கொஞ்சமாகக் கரண்ட் விட்டு அந்தக் கதவைத் தட்டித் திறக்கும்.

நேற்றுத்தானே நின்றது. பயமில்லை என்று கிளாம்ப் மாட்டினேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"ஒரு நாள் ரெண்டு நாள்னா எழுப்பிடலாம் சிஸ்டர். வாரக்கணக்குல கிடந்ததை எழுப்பினாத்தான் வம்பு. உள்ள செம்பு கரைஞ்சு ஊசி மாதிரி வளர்ந்திருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், நல்லாவும் ஓடும். எப்பவாவது ஓடிட்டிருக்கும்போதே உள்ள ஷார்ட் ஆகி புகையும்."

"உள்ள ஆள் இருந்தா?"

"எறங்கி ஓட வேண்டியதுதான். கல்யாண கவுனோட ஓடுறதுதான் கஷ்டம்," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் பட்டன் மேல் விரலை வைத்தேன்.

"தம்பி, அத அமுக்காதீங்க."

உள்ளே போனார். ஒரு கிளிப் போர்டோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் கால்மாட்டில் தொங்குமே, அதே மாதிரி சார்ட். தேதி, நேரம், வோல்ட், லைட், ஹாரன், குறிப்பு, கடைசியில் கையெழுத்து. காலை ஆறு மணிக்கு ஒரு நாள் விடாமல். வண்டியைத் திறந்து, இக்னிஷன் போட்டு, டிஸ்ப்ளேயில் வோல்ட் பார்த்து, எல்லா லைட்டும் எரிகிறதா என்று சுற்றி வந்து பார்த்து, அணைத்துப் பூட்டியிருக்கிறார்.

13.2. 13.2. 13.2. 13.1. ஐந்து வாரம் இப்படியே. அதற்குப் பிறகு சிவப்பு மையில் 'நோ ரெஸ்பான்ஸ்'. மறுநாளும் 'நோ ரெஸ்பான்ஸ்'. தாளைத் திருப்பினேன், அடுத்த தாளையும் திருப்பினேன். எண்ணினால் நாற்பத்தொன்பது நாள்.

"நேத்துன்னு சொன்னீங்களே," என்றேன்.

"வாயால சொல்லிட்டேன். சார்ட்டுல பொய் எழுத கை வரல தம்பி." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "மககிட்டயும் சொல்லல. நம்பிக் குடுத்துட்டுப் போனா. தானா சரியாயிரும்னு நாப்பத்தொம்பது நாளும் ஜெபம் பண்ணிட்டு வந்து ஷெட் கதவைத் தொறந்தேன். நீங்க எடுத்த எடுப்புலயே யாரு கை வச்சதுன்னு கேட்டீங்க. நான்தான் வச்சேன். தெனமும் வச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கிளாம்ப் இரண்டையும் கழற்றினேன். பேட்டரியைத் தூக்கி வெயிலில் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. உள்ளே இருக்கும்போது அது தெரிந்திருக்காது. அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் வண்டி எழுந்திருக்கும், நானும் மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வியாழக்கிழமை அம்மாவும் பெண்ணும் அதில் ஏறியிருப்பார்கள்.

சிஸ்டர் செய்த தப்பை அவருக்கு மெதுவாகச் சொன்னேன். இந்த மாதிரி வண்டி பூட்டிக் கொஞ்ச நேரத்தில் தூங்கப் போகும். கதவைத் திறந்தாலே உள்ளே இருக்கும் முப்பது நாற்பது சின்னக் கம்ப்யூட்டரும் விழித்துக்கொள்ளும். பூட்டின பிறகும் அரை மணி நேரம் விழித்திருக்கும். சார்ஜரும் இல்லை, இன்ஜினும் ஓடவில்லை. தினம் தினம் எழுப்பினதிலேயே சார்ஜ் கரைந்துவிட்டது.

"பதிமூணு புள்ளி ரெண்டுன்னு நல்லாத்தானே காட்டுச்சு?"

"லித்தியம் அப்படித்தான் சிஸ்டர். தொண்ணூறு சதவீதம் இருந்தாலும் முப்பது இருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய ஒண்ணாத்தான் காட்டும். கடைசியில ஒரே சரிவு. நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன்."

சார்ட்டை வாங்கி முதல் வரியிலிருந்து பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தூங்குத பேஷன்ட்ட எழுப்பி தூக்க மாத்திரை குடுப்பாங்கன்னு எங்கள கேலி பண்ணுவாங்க. ரிட்டயர் ஆகியும் அதத்தான் பண்ணிருக்கேன்."

4. வியாழன்

புது லித்தியம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நல்ல வேளை, அந்த மாடலின் பேட்டரி ட்ரேயில் ஏஜிஎம் என்கிற லெட் ஆசிட் வகை பேட்டரியும் உட்காரும், போல்ட் ஓட்டைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். எடை இரண்டு மடங்குக்கு மேல். செவ்வாய் காலை ஒன்று கொண்டுவந்து மாட்டி, ஸ்கேனரில் பேட்டரி வகையை மாற்றி எழுதினேன். இதை எழுதாமல் விட்டால் வண்டி பழைய லித்தியம் என்றே நினைத்து சார்ஜ் செய்யும். செத்ததை மணல் போட்ட தகர டின்னில் வைத்து, வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, மறுநாள் இ-வேஸ்ட் ஆட்களிடம் ஒப்படைத்தேன். குப்பை வண்டியில் போடுகிற வேலை மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்.

சாவியைத் திருப்பினதும் இன்ஜின் உறுமியது. சிஸ்டர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

செவ்வாய் சாயங்காலம் ஜெனி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற பெண். சிஸ்டரே நீட்டிய சார்ட்டை நின்றபடியே முழுக்கப் படித்தாள். "எந்துகு செப்பலேதம்மா?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாள்.

ஜெனி அந்தச் சிவப்பு வரிகளை விரலால் தடவினாள். அப்புறம் தமிழிலேயே சொன்னாள். "கப்பல்ல லாக் புக் பொய்யா எழுதுறவங்களதான் எறக்கி விடுவோம். நீ உண்மைய எழுதியிருக்க. நீ என் பக்கத்து சீட்லதான் வரே."

வியாழக்கிழமை நான் டூல் பாக்ஸோடு சர்ச் கேட்டில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, மனசு கேட்கவில்லை. சரியான நேரத்துக்கு அந்தச் சிவப்பு வண்டி உள்ளே வந்தது. ஓட்டினது கவுனில் ஜெனி. பக்கத்தில் சிஸ்டர், சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. லித்தியத்தில் மீட்டர் சொல்லாததை வண்டிக்காரர்தான் சொல்லவேண்டும். எத்தனை நாள் செத்துக் கிடந்தது என்பது தெரியாமல் பட்டனைத் தொடாதீர்கள். அவர் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் அதட்டக் கூடாது. அந்தப் பொய்யைச் சிஸ்டர் வாயில் வைத்தது என் கேள்விதான். இப்போது எங்கள் ஜாப் கார்டில் முதல் வரி, 'எப்போ நின்னுச்சு? எத்தனை நாளானாலும் பரவாயில்ல, சொல்லுங்க'. யார் கை வைத்தது என்ற வரியே கிடையாது.

மூன்று வாரம் கழித்துப் புது லித்தியம் மாட்டப் போனேன். சார்ஜரின் கவரை சிஸ்டரே கத்தரிக்கோலால் பிரித்து ப்ளக்கில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். ஆணியில் புது சார்ட் தொங்கியது. நேரம் காலை ஆறு. ஹாரன், லைட் கட்டங்கள் காலி. எல்லா நாளும் ஒரே குறிப்பு, நீல மையில்.

'பச்சை விளக்கு எரிகிறது. தூங்குகிறது. எழுப்பவில்லை.'