கோலும் போச்சு, மீசையும் போச்சு

நாளைக்கு மச்சாளின் மகளுக்குக் கலியாணம். மீசையைக் கொஞ்சம் ஒதுக்கலாம் என்று இன்று பாரிஸில், லா சப்பலில் இருக்கிற ரவியின் சலூனுக்குப் போனேன்.

டிவியில் உதைபந்தாட்ட மட்ச் போனது. ரவிக்குப் பிடித்த அணி கோல் அடித்தது. எதிராளியின் தலை உயரத்துக்குக் காலைத் தூக்கியது ஆபத்து என்று மத்தியஸ்தர் கோலை வெட்டிவிட்டார்.

"படேல்லையடா! கால் ஆரிலையும் படேல்லை!" ரவி கையை வீசிக் கத்தினான். கையில் என் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்த மெஷின்.

"டேய், என்ரை மீசையிலை பட்டிட்டுதடா!"

"இல்லை அண்ணை, வடிவாப் பாருங்கோ, படேல்லை!" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்ணாடியை வடிவாகத்தான் பார்த்தேன். பாதி மீசை மடியில் கிடந்தது.

பந்தடிக்கிறவனின் தலைக்குச் சட்டம் இருக்கிறது. சலூன் கதிரையில் இருக்கிறவனின் தலைக்கு?

படம் போட்டிருக்கிறேன். மிச்சத்தையும் எடுக்கவோ, இப்படியே கலியாணத்துக்குப் போகவோ? சிரித்து முடிந்தபிறகு தீர்ப்பைச் சொல்லுங்கோ.