உன் தமிழ், என் கை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்த சூட்டோடு மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்துவிட்டேன். "நம்பர் ப்ளீஸ்" என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன்! ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று பேர் வாங்கியவள் நான். அந்த உயர முக்காலியில் மட்டும் ஒட்டிக்கொண்டேன். ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக என் விரல் போய் வந்ததே, அப்புறம் எதற்கு எழுந்திருக்க?

எதிரே பெரிய பலகை, வரிசை வரிசையாகத் துளைகள். வெளியூர்த் துளைகளெல்லாம் மேல் வரிசையில். கையை நன்றாகத் தூக்கி இணைப்புக் கயிற்றைச் செருக வேண்டும்.

சில மாதங்களில் ஹெட்போன் மாட்டும் காதில் இரைச்சல் தொடங்கியது. ஈப்போ லைனில் கோளாறு என்று புகார் செய்தேன். அப்புறம் சிரம்பான். அப்புறம் பினாங்கு. லைன் பார்க்கும் அண்ணன் ஏணியோடு அலைந்து சலித்துப்போய் வந்தார்.

"என்ன தங்கச்சி, நீ எடுக்குற லைன்ல மட்டும் மழை கொட்டுது? எங்களுக்கெல்லாம் நல்ல வெயில் லா!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஹெட்போன் மாட்டாமலே அந்தக் காதில் அதே மழை.

அதற்குப் பிறகு தலைசுற்றல். கையைத் தூக்கினால் பலகை ஒரு பக்கமாகச் சரியும், விரல்கள் மரத்துப்போகும். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கையை உயர்த்தி, முகத்தைத் திருப்பச் சொன்னார்.

"இப்ப நாடியே கிடைக்கல பாரும்மா."

எக்ஸ்ரேயில் தெரிந்தது. கழுத்தடியில் ஒரு விலா எலும்பு கூடுதல். கைக்குப் போகும் ரத்தக் குழாயை அது நெரிக்கிறதாம். இரைச்சலும் சுற்றலும் அதனால்தான் இருக்க வேண்டுமாம். சிங்கப்பூரில் வெட்டி எடுக்கலாம், ஆனால் கை முடங்கினாலும் முடங்கலாம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கையைத் தூக்கும் வேலையே கூடாது என்றார் டாக்டர். எனக்கிருந்த வேலையே அதுதானே!

"தலை வாரவே நான் வர வேண்டியிருக்கு. விட்டுத் தொலையேன்டி அந்த வேலைய," என்பாள் அம்மா, பின்னலை இழுத்துக்கொண்டே.

விடவில்லை. ஆபீஸில் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் பக்கத்து முக்காலி அக்கா கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு அருகில், கம்போங் செட்டிக்காரி; தமிழ் மறந்துபோன பழைய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் முழுக்க மலாய். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் லைனில் வந்தால் அவளுக்கு வியர்த்துவிடும்.

"அடிக்," என்றாள் மலாயில், தங்கையைக் கூப்பிடும் குரலில். "உன் தமிழ், என் கை. சரியா?"

அப்படித்தான் ஓட்டினோம். தமிழ்க்குரல் வந்தால் அவள் முழங்கையால் இடிப்பாள், நான் பேசுவேன். எனக்கு வெளியூர் அழைப்பு வந்தால் நான் இடிப்பேன். அவள் என் தலைக்கு மேல் கையை நீட்டிச் செருகுவாள். நடுவில் மடியெல்லாம் கயிற்றுச் சிக்கல். எனக்கு அந்த நாட்கள் போதும் போலிருந்தது.

சுதந்திர நாள் நெருங்க நெருங்க அழைப்புகள் குவிந்தன. மேலாளர் அம்மா எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் ஒருத்தி மேல ஒருத்தி விழறீங்க? மார்க்கெட்டா இது?"

அக்கா விளக்க வாயெடுத்தாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். விஷயம் தெரிந்தால் என் இடம் போய்விடும். அவளைப் பலகையின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள்.

தனியாகச் சமாளித்தேன். கையைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதானே? உடம்பைத் தூக்கினால் போச்சு! சாமான் கிட்டங்கியிலிருந்து ஒரு பால்டின் மரப்பெட்டி கொண்டுவந்து, மேல் வரிசை வரும்போதெல்லாம் அதன்மேல் ஏறி நின்றேன். புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மதியம் சிங்கப்பூர் கேட்டார்கள். ஏறினேன். அண்ணாந்து துளையைத் தேடினேன். அறை சுழன்றது. பிடிக்கக் கிடைத்தது கயிறுகள்தான். அவற்றையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தேன். பாதிப் பேச்சில் அறுந்துபோனவர்களின் விளக்குகள் பலகை முழுக்க எரிந்தன.

மேலாளர் அம்மா திட்டவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெட்டிக்காரப் பொண்ணு நீ," என்றார். "ஆனா உன்னை இங்கே வெச்சிருக்க முடியாதும்மா." திட்டியிருக்கலாம்.

வாசல்வரை அக்கா வந்தாள். தெருவில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே கூச்சல். சைக்கிளை நான் தள்ளக் கூடாது என்று அவளே பிடித்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள், நீளமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் இரைச்சல் காதுப் பக்கமே நின்றிருந்தாள். ஒரு சொல்லும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லு அக்கா என்று கேட்டிருக்கலாம்.

தலையை மட்டும் ஆட்டினேன்.