பக்கத்து சீட்டு பெல்ட்

அண்ணனின் பதினாறாம் நாள் படையலுக்குள் அந்த ஸ்போர்ட்ஸ் கார் பொம்மையை முடித்தாக வேண்டும் என்று அப்பா உட்கார்ந்தபோது, பசை காயாமல் போய்விடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். பயப்படுவதில் நான் சின்ன வயதிலேயே கெட்டிக்காரி. படிப்பு மூன்றாம் பாரத்தோடு நின்றுவிட்டது, பயம் மட்டும் நிற்கவில்லை.

பெட்டி அண்ணன் வாங்கி வைத்தது. பிளாஸ்டிக் பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து ஒட்டிச் செய்யும் கார். மேல்கூட்டுக்கு அவனே சிவப்புச் சாயம் அடித்து, பாச்சாங்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் காயவைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தான். உள்வேலை எல்லாம் பாக்கி. இறந்தவருக்குப் பிடித்ததைப் படத்தின் முன் வைப்பது எங்கள் வழக்கம். அவனுக்குப் பிடித்த நாசி லெமாக் சோறும் ஐஸ் மைலோவும் அம்மா வைப்பார். அப்பா இந்தக் காரை வைக்க நினைத்தார். வைத்தால் அம்மா ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணன் இறந்த விபத்திலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. "உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார், அப்பா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே.

எங்கள் வேன் கிளேபாங் கடற்கரைக் கடைகளுக்கு இளநீர் ஏற்றிப் போகும் வேன். ஓட்டுகிறவர் பெல்ட் நன்றாகப் பூட்டும். பக்கத்து சீட்டுடையது ரொம்ப நாளாகவே பூட்டாது. "ரோட் பிளாக் வந்தா வயித்து மேல இழுத்துப் புடிச்சுக்க, போலீசுக்குத் தெரியாதுலா" என்பார் அப்பா. நானும் அப்படிப் பிடித்துக்கொண்டு போனவள்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆயர் குரோ போகும் வழியில் ஓரமாக நின்ற லாரியில் வேன் மோதியபோது அந்தச் சீட்டில் அண்ணன் இருந்தான். ஓட்டிய அப்பாவுக்கு நெஞ்சின் குறுக்கே பெல்ட் பதிந்து நீலமாக ஒரு கோடு மட்டும் விழுந்தது. அவர் சட்டை மாற்றும்போது அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

செய்முறைத் தாள் ஜப்பான் மொழியில் இருந்தது. படங்களைப் பார்த்து நான் எண் சொல்ல, அப்பா வெட்டுவார். இளநீர் சீவிய விரல்களில் சின்னத் துண்டுகள் நிற்காது. ஒரு கண்ணாடி கீழே விழுந்தால் நான் தரையோடு தரையாகப் படுத்துத் தேடுவேன், கிடைக்கும்வரை எனக்கு மூச்சு வராது. ஸ்டீரிங், கியர், மிதிகள் எல்லாம் ஏறின. பெல்ட்டுக்கு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

"ஸ்டிக்கர் வேணாம்மா. நெசமாவே பூட்டணும்."

என் தலைமுடி ரிப்பனைக் கேட்டார். கறுப்பு ரிப்பனை நூல் போல நறுக்கி, பிரியாமல் இருக்க ஓரங்களை அண்ணன் படத்து ஊதுபத்தியில் சுட்டார். ஸ்டேப்ளர் ஊசியை வளைத்துக் கொக்கி செய்தார். அது பூட்டவில்லை. பிரித்தார், மறுபடி செய்தார். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன நேரம் அந்த ஒரு பெல்ட்டுக்கு ஆனது. பூட்டியதும் இடுக்கியால் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"டிரைவர் சீட்டுக்குப்பா?" என்றேன்.

"டிரைவருக்கு வேணாம். பக்கத்து சீட்டுக்குப் போதும்."

சொல்லிவிட்டு மேல்கூட்டை வைத்து ஒட்டிவிட்டார். இனி திறக்க முடியாதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படையலன்று காரைப் பார்த்த மாமா, "அடேயப்பா மச்சான்! இதுல போனா மருமவன் டோல்கூட கட்ட வேணாம்லா" என்று சிரிக்கப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

காரைக் காட்டி, "இது யாரு காடி?" என்றார். என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"அவனோடதுதான்."

"அவன் காடின்னா அவன்தான ஓட்டுவான்? அவன் சீட்டுல பெல்ட் எங்க? இங்கயும் எம்புள்ளய அப்படியே விட்டுட்டீங்களா?"

"மறந்துட்டாருக்கா, விடுங்க" என்றார் மாமா. அப்பாமீது பழி விழுகிறதே என்று எனக்குப் பதறியது. உள்ளே ஓடி மிச்ச ரிப்பனை எடுத்து வந்து நீட்டினேன்.

"மறக்கலம்மா. ரிப்பன் மிச்சம் இருக்கு பாருங்க. நான் கேட்டேன். டிரைவருக்கு வேணாம், பக்கத்து சீட்டுக்குப் போதும்னு அப்பாதான் சொன்னாரு."

அம்மா ரிப்பனைப் பார்த்தார். பிறகு அப்பாவின் நெஞ்சைப் பார்த்தார், சட்டைக்கு மேலேயே. காரை இரு கையாலும் எடுத்துப் படத்தின் முன் நேராக வைத்தார். "சோறு ஆறுது, உக்காருங்க" என்றார் அப்பாவிடமே. கத்தாமல் விட்டுவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அப்பா ஒரு பழைய காடி வாங்கினார். அதில் எல்லா பெல்ட்டும் பூட்டும். நான் முன்னால் உட்கார்ந்தால் என்னுடையதை இழுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருகுவார். தன்னுடையதைப் போடமாட்டார். "அப்பா, பெல்ட்டு" என்பேன். "அடுத்த லைட்ல போடறேன்மா" என்பார். எத்தனையோ சிக்னல் லைட் தாண்டிப் போவோம். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பின் சீட்டில் இருக்கும் அம்மா ஒரு நாளும் ஞாபகப்படுத்தியதில்லை. அடுப்பை அணைத்தாயா, கேட்டைப் பூட்டினாயா என்று எல்லாவற்றையும் கேட்கிற அம்மா. அவருக்கும் அந்த மறதி தொற்றிக்கொண்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.