ஒரு நாள் முந்திப் பார்த்த குழாய்

பரிசோதனைக்கூடத்தில் இருந்த வருஷங்களில் நான் அதிகம் சொன்னது "நாளைக்கு வாங்க" என்பதுதான். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிற்று. ஒரே ஒருமுறை சொல்லாமல் விட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி. வேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சீழ், சளி சோதிக்கும் வேலை எனக்கு. பேரணாம்பட்டிலிருந்து தோல் பதனிடும் டேனரித் தொழிலாளி ஒருவர் தன் மனைவியின் சீழைக் கொண்டுவந்தார். அவள் பீடி சுற்றுகிறவள். இலை வெட்டும் கத்தரி இடது கட்டைவிரலில் ஏறி, புண் பழுத்துவிட்டது. பென்சிலினுக்குக் கேட்குமா என்று அவர்கள் ஊர் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு குழாய்களில் இறைச்சிச் சாறு ஊற்றி, ஒன்றில் மட்டும் பென்சிலின் சேர்த்து, இரண்டிலும் கிருமியை விட்டுச் சூட்டுப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை மருந்தில்லாத குழாய் கலங்கியிருந்தது. மருந்துள்ளது பளிச்சென்று இருந்தது. ஆனால் இரண்டாம் நாளும் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. புதுச் சாற்றில் விட்டாலே கிருமி உடனே பெருகாது. மருந்தும் இருந்தால் இன்னும் தாமதிக்கும். செத்தது என்று நாம் நினைக்கிற அந்த நேரத்தில், சில கிருமிகள் பென்சிலினை உடைக்கும் சரக்கைத் தயார்செய்துகொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

"இன்னாம்மா, ஆய்டுச்சா? பஸ்ஸு போய்டும்மா. நேத்துலேர்ந்து இங்கயே கெடக்கறேன். அவ அங்க வலியில துடிக்கிறா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். எனக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. "பென்சிலின் கொடுக்கலாம்" என்று எழுதி நீட்டிவிட்டேன்.

மறுநாள் மருந்துள்ள அந்தக் குழாய் பால்போல் கலங்கி நின்றது. நேரில் போய்ச் சொல்ல லீவு கேட்டேன். "லெட்டர் போட்டுடுங்க, லீவெல்லாம் கிடையாது" என்றார் பெரிய டாக்டர். போட்டேன். சண்டை போட்டாவது போயிருக்க வேண்டும், அதற்கும் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஏறினேன்.

அவள் வாசலில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. முந்தின நாள் காலையில் விரலை எடுத்தார்களாம். என் கடிதம் அன்று மதியம் வந்ததாம்.

அவள் கணவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு ஒரு வேளகூட தவறாம ஊசி போட்டோம்மா. அப்பவும் கேக்கல. எங்க தலையெழுத்து."

என்னால் தாங்க முடியவில்லை. "தப்பு என்னுதுங்க. இன்னொரு நாள் வெச்சுப் பார்த்திருக்கணும். பார்க்காம எழுதிட்டேன்" என்றேன்.

அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு நாள் இருந்திருந்தா, விரலு இருந்திருக்குமாம்மா?"

"இருந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்து, "நாந்தான் பஸ்ஸு போய்டும்னு பறந்தேன்" என்றார்.