சாவு வீட்டுக்குப் போன ஜீன்ஸ்

வாளித் தண்ணீர் கருநீலமாக இருந்தது. அடியில் என் ஜீன்ஸ். அதன்மேல் அப்பாவின் வெள்ளை வேட்டி. இனி அதை வெள்ளை என்று சொல்ல முடியாது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தை ஓடி வந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. முதல் சம்பளத்தில் வாங்கியது அந்த ஜீன்ஸ். ஆலையில் ஒரு தடவைகூட அலசாத, விறைப்பான டெனிம். ஆறு மாதமாவது தண்ணீரில் போடக் கூடாது என்று விடுதியில் என்னோடு வேலை செய்யும் அக்கா சொல்லியிருந்தார். போடப் போட, நாம் உட்காருகிற நடக்கிற விதத்துக்கு முழங்காலில் வெளுத்த கோடுகள் விழுமாம். முன்கூட்டியே துவைத்தால் அவை சரியாக விழாதாம். யாருக்கும் இல்லாத, என்னுடைய கோடுகள் எனக்கு வேண்டியிருந்தன. முழங்காலுக்குப் பின்னால் அவை தெரியவும் தொடங்கியிருந்தன.

"காசு குடுத்து அழுக்கு வளக்குறா" என்று, எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அம்மா.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மேட்டு லயத்தில் சாவு என்று தெரிந்தது. அப்படியே போனேன். அப்பாவும் வந்திருந்தார். திரும்பி வந்தால் வீட்டுக்குள் நுழையும் முன் குளிக்க வேண்டும். உடுத்திப் போனதையெல்லாம் நனைத்துவிட வேண்டும். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு, ஜீன்ஸை மட்டும் வெளியே கொடியில் போட்டேன்.

"இத நனைக்காதீங்கம்மா. காத்துல கெடக்கட்டும்."

தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் ஒரே வாளியில்.

"என்னாம்மா செஞ்சீங்க!"

அம்மாவும் நீலக் கைகளோடு திகைத்துப்போய்த்தான் நின்றார். "இது துணியா, மைப் போத்தலா? ஒங்கப்பாவுக்கு இருக்கிறதே ஒரு நல்ல வேட்டிடி!"

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சாவு வீட்டுக்குப் போனத நனைக்காம வுடுவாங்களா? படிச்சவ கால்சட்டையில மட்டும் தீட்டு ஒட்டாதோ?"

"இவ அழுக்கப் பாத்துத் தண்ணியே பயந்து நெறம் மாறிருச்சு" என்றார் அத்தை.

அப்பா வேட்டியைத் தூக்கி விரித்துப் பார்த்தார்.

"கிருஷ்ணர் கலரு. கோயிலுக்குக் கட்டலாம்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நானும்தான்.

அன்று மாலை பிடித்த மழை விடாததால் ஜீன்ஸ் அடுப்படியில் தொங்கித்தான் காய்ந்தது. புகை வாசத்தோடு எடுத்து, பயந்து பயந்து முழங்காலைத் திருப்பினேன். கோடுகள் அப்படியே இருந்தன. தொடையில் மட்டும், அம்மா முறுக்கிப் பிழிந்த இடத்தில், குறுக்கே புதிதாக ஒன்று.

திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அக்கா பார்த்ததும் வாயில் கை வைத்தார்.

"ஐயோ, தொவச்சிட்டியா? இன்னும் ஆறு மாசம் ஆகலியே!"

"சாவு வீட்டுக்குப் போட்டுட்டுப் போனேங்கக்கா."

அவரும் பூனாகலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். வாயிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நனைக்கத்தானே வேணும்" என்றார்.