தீவுக்குச் சொந்தக்காரரை எழுதிய படவரைஞன்

1. பாராட்டு என்று நினைத்தது

1974 பெப்ரவரியில் ஒரு மத்தியானம், என் முதலாளி ஹானிகன் ஒரு கடல் வரைபடத்தை மேசையில் விரித்தார். அதன் மேல் ஓரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இதை எழுதினது ஆர்?" என்று கேட்டார்.

நான் எழும்பி நின்றேன். சிட்னிக்கு வந்து ஐந்து மாதமாகியும் என் கையெழுத்தை ஒருவரும் பாராட்டவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது.

"நான்தான் சேர். இது மட்டுமில்லை, ஆறு பிரதியிலயும் எழுதிப்போட்டன்."

ஹானிகன் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். பாராட்ட வருகிறவர்கள் அப்படி இருப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹானிகன் வாழ்நாளில் ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசியதில்லை. ஆனால் அவர் ஏசுவதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

2. கடையும் மையும்

எங்கள் கடை சசெக்ஸ் வீதியில் இருந்தது. கப்பல்களுக்குக் கடல் வரைபடம் விற்போம். தொழிலில் அதற்குச் சார்ட் என்று பெயர். இப்போது ஒரு திரையைத் தொட்டால் உலகத்துக் கடலெல்லாம் வந்து நிற்கிறது. அன்று எல்லாம் காகிதம். ஒரு வெளிச்சவீடு அணைந்தாலும், ஒரு மிதவை இடம் மாறினாலும், எங்காவது கப்பலொன்று மூழ்கிக் கிடந்தாலும், இங்கிலாந்திலிருந்து வாராவாரம் நோட்டீஸ் வரும். அதைப் பார்த்து ஒவ்வொரு சார்ட்டிலும் கையால் திருத்தம் செய்ய வேண்டும். நிரந்தரத் திருத்தம் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மையில். தற்காலிகத் திருத்தம் பென்சிலில். செய்து முடித்ததும் நோட்டீஸ் இலக்கத்தை இடதுபக்கக் கீழ் மூலையில் எழுத வேண்டும். இதுதான் என் வேலை.

இலங்கையில் நான் நில அளவைக் கந்தோரில் பன்னிரண்டு வருடம் படவரைஞராக இருந்தவன். அங்கே கடல் என்பது படத்தின் ஓரத்தில் நீல நிறம் தடவும் இடம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காணி. காணி என்றால் எல்லை. எல்லை என்றால் உரிமையாளர் பெயர். ஒரு காணி கைமாறினால் பழைய பெயரை வெட்டி, புதிய பெயரையும் மாறிய மாதத்தையும் அழகாக எழுதி, பக்கத்தில் நம் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் மேலதிகாரி காதைப் பிடிப்பார்.

இந்தப் பயிற்சியோடுதான் நான் தென் சீனக் கடலுக்குள் இறங்கினேன்.

3. கடைக்குள் பாராளுமன்றம்

அந்த வருடம் ஜனவரியில், தென் வியட்நாம் அந்தக் கடலில் வைத்திருந்த பரசெல் தீவுகளைச் சீனக் கடற்படை சண்டையிட்டுப் பிடித்துக்கொண்டது. சிட்னிப் பத்திரிகைகளில் அது சில நாள் செய்தி. எங்கள் கடையில் அது ஒரு மாதப் பாராளுமன்றம். ஹொங்கொங் போகிறவர், ஜப்பான் போகிறவர், மணிலா போகிறவர் என்று கப்டன்மார் வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு தூரம் விலகிப் போவது? போர்க்கப்பல் மறித்தால் யாருக்குப் பதில் சொல்வது? எஞ்சின் பழுதாகி அந்தப் பக்கம் இழுபட்டுப் போனால் எந்தக் கொடியை ஏற்றுவது? பிலிப்பைன்ஸ் என்ன செய்யும், தைவான் என்ன செய்யும், அமெரிக்கா ஏன் பேசாமல் நிற்கிறது?

ஹானிகன் பதினெட்டு வருடம் கப்பலில் இருந்தவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"அந்தத் தீவுகளைச் சுத்திப் பவளப்பாறை இருக்கு கப்டன். அது ஒரு கொடியையும் பாக்காது. விலத்திப் போங்கோ."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. வாடிக்கையாளர் தீவின் உரிமையாளர் யார் என்று கேட்கிறார், முதலாளி கல்லைக் காட்டுகிறார்! இங்கிலாந்திலிருந்து வந்த நோட்டீஸ் கட்டையும் புரட்டினேன். எங்களுக்கு வந்தவற்றில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாவம், மறந்துவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். மெஜந்தா மையைத் தொட்டு, தீவுகளின் பெயருக்குக் கீழே "சீனா, 1974 ஜனவரி முதல்" என்று ஆறு பிரதியிலும் ஆங்கிலத்தில் எழுதினேன். கீழ் மூலையில் போட நோட்டீஸ் இலக்கம் இல்லை. ஆகவே என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். குற்றம் செய்தவன் கைரேகையோடு விலாசத்தையும் விட்டுப் போன மாதிரி.

4. ஆறாவது பிரதி

"அஞ்சு இருக்கு. ஆறாவது எங்கை?" என்று ஹானிகன் கேட்டார்.

ஆறாவதை அன்று காலை நானே விற்றிருந்தேன். வாங்கியவன் அருளப்பன். பிர்மொன்ட் துறையில் கோதுமை மா ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கப்பலின் செகண்ட் மேட். கப்பலில் சார்ட்டுகளுக்குப் பொறுப்பு செகண்ட் மேட்தான். சொந்த ஊர் தூத்துக்குடி. கடைக்குள் வந்து என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் ஆங்கிலத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி தமிழா?"

"ஓம் தம்பி, யாழ்ப்பாணம்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல கச்சத்தீவு கெடக்கு. அது யாருக்குன்னு இப்பமே பேசி முடிச்சிருவோம்."

"எங்கட."

"ஏய், எங்களுது. சரி விடுங்க, தொரைங்க டெல்லியிலயும் கொழும்புலயும் பேசட்டும். எனக்குத் தென் சீனக் கடல் சார்ட் ஒண்ணு தாங்க."

சுத்தமாகத் திருத்தியது என்று பெருமையோடு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தேன். கப்பல் எங்கே போகிறது என்றும் கேட்டேன். அதை இப்போது ஹானிகனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"சைகோனுக்கு."

தென் வியட்நாமின் தலைநகரம் அது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

"கேளும் சிவா. அந்தத் தீவிலை தன்ரை ஆக்களைப் பறிகுடுத்து ஒரு மாசம்கூட ஆகாத ஊருக்கு, தீவு எதிரிக்குச் சொந்தம் எண்டு கையாலை எழுதின சார்ட்டோடை ஒரு பெடியன் போறான். கப்பலைச் சோதிக்க வாறவங்கள் இதைப் பாத்தா, ஏன் எழுதினாய், ஆருக்கு வேலை செய்யிறாய் எண்டு அவனைத்தான் கேப்பாங்கள். உம்மை இல்லை."

அந்தக் கடைசி இரண்டு சொல் இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது. என் வேலை போகும் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பயத்துக்கு நேரமில்லை. கப்பல் மூன்று மணிக்குப் புறப்படுகிறது. அப்போது நேரம் ஒன்று நாற்பது.

"நீர் பிழையா எழுதினதை அழிக்கத் தெரியுமோ?"

"சேர், கந்தோரிலை எனக்கு உண்மையா வந்த வித்தை அது ஒண்டுதான்."

அவர் தன் சவர அலகு ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். மாற்றிக் கொடுக்கச் சுத்தமான பிரதி ஒன்றும் இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க மிச்ச ஐந்தில் ஒன்றையும் குழாயில் போட்டுத் தந்தார். "போம்" என்றார்.

5. பாலம்

சசெக்ஸ் வீதியிலிருந்து பிர்மொன்ட் போக ஒரு பாலம். டாக்சி பிடித்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. கழுத்துப் பட்டி, ஒரே ஒரு சோடி சப்பாத்து, முப்பத்தாறு வயதுத் தொப்பை, கையில் நீளக் குழாய். பெப்ரவரி வெயிலில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு லொறிக்காரர் ஹோர்ன் அடித்து உற்சாகப்படுத்தினார்.

பாலத்தின் நடுவை எட்டுமுன் மணி அடித்தது. பாதையை மறித்துக் கதவு சாத்தினார்கள். அந்தப் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட அப்படியே பக்கவாட்டில் திரும்பிவிடும். ஒரு கிழட்டுக் கப்பல் கல்யாணப் பெண்ணைப் போல அசைந்து அசைந்து போனது. வாழ்க்கையில் அதுவரை எந்த வாகனத்தையும் நான் அப்படித் திட்டியதில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

துறைக்குப் போனபோது இரண்டு மணி பத்து நிமிடம். கப்பலின் ஏணிப்படியில் பாதியில் நின்று கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மிச்சப் படிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

6. அலகு

அருளப்பன், கப்பலைச் செலுத்தும் மேல்தட்டு அறையான பிரிட்ஜில், சார்ட் மேசையில் குனிந்து நின்றான். நான் எழுதிய சார்ட்டில் சைகோன் வரை பாதைக்கோடு போட்டு முடித்திருந்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அவன் அந்த மெஜந்தா எழுத்தை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தான். பாதைக்கோடு தீவுகளுக்கு வெகு தெற்கே போகிறதால் சார்ட்டின் மேல் ஓரத்தைப் பார்க்க அவனுக்கு அவசியம் வந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, என்னைய ஜெயிலுக்கு அனுப்ப இவ்வளவு அழகா எழுதணுமா?"

அப்போது கப்டன் உள்ளே வந்தார். கிரேக்கர், மலை மாதிரி மனிதர். யார் இது என்று என்னைக் காட்டிக் கேட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அருளப்பன் கண் சிமிட்டாமல் ஆங்கிலத்தில் சொன்னான்: "சார்ட் கடைக்காரர் சார். கடைசி நேரத் திருத்தம் ஒண்ணு. அவரே ஓடி வந்திருக்காரு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கப்டன் என் நனைந்த சட்டையைப் பார்த்து, இப்படியும் ஒரு கடையா என்று வியந்து, ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மையைச் சுரண்டுவது இப்படி: அலகைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில், காகிதம் உணராத அளவுக்கு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓட்டை. நாற்பது நிமிடம் எடுத்தது. எழுத்து போனது. அதோடு அச்சிலிருந்த, கடலாழம் காட்டும் இரண்டு இலக்கங்களும் போயின. மற்றப் பிரதியைப் பார்த்து அவற்றைக் கறுப்பு மையில் திரும்ப எழுதினேன். அருளப்பன் இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தான். என் சுருக்கொப்பத்தையும் அழித்தேன். கடைசியாகச் சுரண்டிய இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்து மினுக்கினேன். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

"விரலால தடவிப் பார்த்தாங்கன்னா?" என்றான்.

கப்பலைத் துறைக்கு வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறிவிட்டார் என்று யாரோ கத்தினார்கள். நான் இறங்கினேன்.

7. அதற்குப் பிறகு

ஹானிகன் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மிச்ச ஐந்து பிரதியையும் என் மேசையில் வைத்து, "இதுகளையும் சுரண்டும்" என்றார், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அந்தக் கப்டன் வழித் துறைமுகமொன்றில் தபாலில் போட்ட கடிதம் கடைக்கு வந்தது. உங்கள் கடையின் கடமையுணர்வைப் போல் தான் எந்தத் துறைமுகத்திலும் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். ஹானிகன் அதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். சிரிக்காமல் வாசித்து முடிக்க அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் அப்போது சைகோனை நெருங்கிக்கொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று மாதம், கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

மே மாதம் ஒரு நாள் அவன் வந்தான். மெலிந்திருந்தான். ஆனால் வந்தான். நான் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சோதிச்சவங்களோ?"

"சோதிச்சாங்க அண்ணாச்சி. ரெண்டு நேவி ஆபீசருங்க. சார்ட்டெல்லாம் எடுன்னாங்க. ஒருத்தன் சின்னப் பையன், நேரா அந்தத் தீவுலதான் வெரல வச்சான். தடவுனான். எனக்கு உசுரு போயிட்டு."

"பிறகு?"

"தடவிக்கிட்டே இருந்தான். தீவு பேர மட்டும் வாசிச்சான். அவன் கூடப் படிச்சவன் ஒருத்தன் அங்கதான் செத்தானாம். அதச் சொல்லிட்டு, சார்ட்டச் சுருட்டி, ரெண்டு கையாலயும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான்."

நான் எழுதியது அங்கே இருந்திருந்தால் அருளப்பனுக்கு என்ன நடந்திருக்கும் என்றுதான் மூன்று மாதமாக யோசித்திருந்தேன். நண்பனைப் பறிகொடுத்த அந்தப் பையன் அதை வாசிக்க நேர்ந்திருக்கும் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

ஹானிகன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னவாம் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெளியே வந்து அருளப்பனின் கையைக் குலுக்கினார். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, என் கையையும் குலுக்கினார்.

அந்தக் கடையில் இருபத்தேழு வருடம் இருந்தேன். பிறகும் எத்தனையோ தீவுகளைப் பற்றி எத்தனையோ நாடுகள் சண்டை பிடித்தன. ஒன்றுக்கும் நான் உரிமையாளர் பெயர் எழுதவில்லை. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் பிழையின் விலையை உங்களிடம் கேட்க மாட்டார்கள், யாரோ ஒரு பெடியனிடம் தூரத்துத் துறைமுகத்தில் கேட்பார்கள். நான் அதைக் கற்ற நாளில், ஏசிவிட்டு அலகைத் தந்த ஒருவரும், பொய் சொல்லாமலே என்னைக் காப்பாற்றிய ஒருவனும் எனக்கு வாய்த்தார்கள். சைகோனில் சார்ட்டைத் தடவிய, பெயர் தெரியாத மூன்றாமவர் ஒருவரும் உண்டு. சுரண்டிய இடம் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். கேட்காமல் விட்டார்.