டப்பாவில் தெரிந்த அடுக்களை

பூலோகத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மேலேயும் அவ்வளவாகக் கிடையாது என்பார்கள் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவரைத் தெரிந்தவர்கள்.

குர்லாவில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை ஒன்றில் அவர் மேஸ்திரியாக இருந்தார். பட்டறைக்குள் ஒரு பரண், பரணில் ஒரு நாற்காலி, நாற்காலியில் பூலோகம். கீழே தையல் மிஷின்களில் குனிந்திருப்பவர்களில் எவன் கை ஓய்ந்தது, எவன் பீடிக்கு எழுந்தான், எவள் ஒன்றுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்று மேலேயிருந்து பார்ப்பதுதான் உத்தியோகம். சம்பளமே கொடுக்காவிட்டாலும் அந்த வேலையைச் செய்திருப்பார். அவ்வளவு பிரியம் அதில்.

ஒருநாள் சுடலைக்கண்ணன் என்ற தையல்காரன் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். கையும் களவுமாகப் பிடிக்கிற அவசரத்தில் மேஸ்திரி ஏணிப்படியைத் தவறவிட்டார். முதுகெலும்பு போயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அந்தச் சுடலைக்கண்ணன்தான். அதற்கு நன்றி சொன்னாரா என்றால், அவன் தூங்காமல் இருந்திருந்தால் நான் ஏன் விழப்போகிறேன் என்றுதான் இன்றுவரை கேட்கிறார்.

அதன் பிறகு அவர் உலகம் ஒரு கட்டில் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. மனைவி முருகம்மாள் செம்பூரில் வைத்தீஸ்வரன், ஸ்ரீலேகா என்ற பாலக்காட்டுத் தம்பதி வீட்டில் வேலைக்குப் போனாள். அவர்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போகிறவர்கள். அவள் காலையில் கணவனைத் துடைத்து, சட்டை மாற்றி, சோறும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். வீட்டில் இருந்த ஒரே போன் முதலில் பூலோகத்திடம்தான் இருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முருகம்மாள் வந்தாளா, வேலை செய்கிறாளா, போகும்போது பையைப் பார்த்தீர்களா என்று ஸ்ரீலேகாவை ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். பெண்டாட்டியைத் திருடி போலப் பேசுகிற கணவனை ஸ்ரீலேகா அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் முகம் சுளித்த அன்றிலிருந்து முருகம்மாள் போனைத் தன்னோடு எடுத்துப்போனாள்.

இந்த இடத்தில்தான் ஸ்ரீலேகாவின் மகன் கௌசிக் உள்ளே வருகிறான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் செய்கிற கெடுதலுக்கு அளவே இல்லை. அவனிடம் கையில் பிடித்து விளையாடுகிற கேம் மிஷின் ஒன்று இருந்தது, நடுவில் திரையும் இரண்டு பக்கமும் பொத்தான்களுமாக. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை எப்போதும் ஓடவிட்டு, சினிமா, பாட்டு, இணையத்தில் வருகிற வீடியோ, குடும்பப் படங்கள் என்று எல்லாவற்றையும் அதில் கோத்து, ரயிலில் போனாலும் அந்தச் சின்ன மிஷினில் பார்க்கிற மாதிரி செய்து வைத்திருந்தான். புதியது வாங்கியதும் பழையதை முருகம்மாளிடம் கொடுத்தான். படுத்திருக்கிற அங்கிளுக்குப் பொழுது போகட்டும், படமெல்லாம் நம் வீட்டிலிருந்தே அங்கே ஓடும், வைஃபை மட்டும் இருந்தால் போதும் என்றான். வைஃபை பக்கத்து வீட்டு மாரிசெல்வியிடம் இருந்தது. ஒரு பலகைச் சுவர்தான் நடுவில். அவளே வந்து பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள்.

பூலோகம் அதற்கு டப்பா என்று பேர் வைத்தார். பழைய சண்டைப் படங்களும் காமெடிப் படங்களும் பார்த்தார். சலித்துப்போய், இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல், கண்ணில் பட்ட கட்டத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டே போனவர் ஒரு கட்டத்தில் நின்றார். திரையில் ஒரு அடுக்களை தெரிந்தது. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு ஸ்டூல், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிற ஒருத்தி. அந்தப் புடவை அன்று காலையில் தன் கட்டிலைத் தாண்டிப் போன புடவை. வேலைக்காரி வருகிற வீடாயிற்றே என்று வைத்தீஸ்வரன் மாட்டிய கேமரா அது. கௌசிக் அதையும் மற்ற எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் கோத்து வைத்திருந்தான், கொடுக்கும்போது அதை எடுத்துவிட மறந்துபோனான். சத்தம் வராது, படம் மட்டும் வரும்.

பூலோகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரண் திரும்பக் கிடைத்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் அவள் வந்து பையை வைப்பதற்குள், கேசரியில் முந்திரி நிறையப் போட்டிருந்தார்களோ என்று கேட்டார். முருகம்மாள் திகைத்துப்போனாள். ஸ்ரீலேகா கொடுத்த ஒரு கரண்டி கேசரியை அவள் நின்றுகொண்டே தின்றிருந்தாள், வீட்டுக்கு எடுத்து வரவில்லை. மறுநாள், ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து அப்படி என்ன யோசனை என்றார். அதற்கடுத்த நாள், அடுக்களை வாசலில் நின்று இஸ்திரிக்காரனிடம் என்ன சிரிப்பு என்றார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால் பூலோகம் மோட்டுவளையைப் பார்த்து இளிப்பார். அவள் அந்தக் கட்டட வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டாள், எதிர் ஃபிளாட் பெண்ணைச் சந்தேகப்பட்டாள், செம்பூரில் வாய் திறப்பதையே விட்டாள். அவள் அப்படி ஒடுங்குவதையும் அவர் திரையில் பார்த்தார். அது எந்தச் சினிமாவிலும் கிடைக்காத ருசியாக இருந்தது.

ஒருநாள் ஸ்டூலில் ஏறி அந்தக் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தாள். அன்று சாயங்காலம் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னட்டி, இன்னைக்கு எம்மூஞ்சியத் தொடச்சு விட்ட மாதிரி இருந்துச்சு."

அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, கெஞ்சினாள்.

"அங்கன அடுக்களையில நிக்கிற நேரந்தான் என்னைய யாரும் ஏவாத நேரம். அத மட்டும் எனக்கு விட்டுருங்க."

அவர் விடவில்லை. செம்பூரில் போய்ச் சொல்லவும் அவளால் முடியாது. உங்கள் வீட்டு அடுக்களை லேபர் கேம்ப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, கொண்டுபோனவள் நான்தான் என்று சொன்னால் வேலை போகும், போலீஸ்கூட வரலாம். ஒரு தடவை டப்பாவைப் பரணில் ஒளித்து வைத்துவிட்டுப் போனாள். பூலோகம் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். பொண்டாட்டி பட்டினி போடுகிறாள், கொல்லப் பார்க்கிறாள் என்று அவர் போட்ட கூச்சலில் சந்து முழுவதும் வாசலில் வந்து நின்றது. மாரிசெல்வி போன் பண்ணி முருகம்மாளை வரவழைத்தாள். அவள் வந்து டப்பாவை இறக்கி அவர் கையில் கொடுத்தாள். பூலோகம் அதைத் தன் வெற்றி என்று எண்ணிக்கொண்டார்.

மே மாதம். மத்தியானம். செம்பூர் வீட்டில் முருகம்மாள் தனியாக இருந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு, பரணிலிருந்து பெரிய வெண்கல உருளியை இறக்க ஸ்டூலில் ஏறினாள். பாலை வைத்துவிட்டு ஏறுகிறாள் பார், சாயங்காலம் இதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று பூலோகம் நினைத்துக்கொண்டிருந்தபோதே ஸ்டூல் நழுவியது. உருளி முதலில் விழுந்தது, அதன் விளிம்பில் அவள் தலை விழுந்தது.

திரையில் எதுவும் கேட்கவில்லை. அவள் ஒரு கை உடம்புக்கடியில் கோணலாக மாட்டியிருந்தது. தலைமுடிக்குள்ளிருந்து ரத்தம் டைல்ஸ் இடுக்கு வழியாக மெல்ல நடந்தது. அவள் முகத்தைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து முருகம்மாள் புருஷன் பேரைச் சொன்னவள் இல்லை. அவர்கள் ஊர் வழக்கம் அது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைவிட்டுச் சொல்லச் சொல்வாள். கோயில் கதையில் பூலோகம் என்று வருகிற இடத்தை 'இந்தக் கீழ இருக்கிற லோகம்' என்று மாற்றிச் சொல்லி லேபர் கேம்ப்பையே சிரிக்க வைத்தவள். இப்போது அவள் உதடு குவிந்தது, வட்டமாகத் திறந்தது, மூடியது. சத்தமில்லாத அந்தச் சின்னத் திரையில் பூலோகம் தன் பேரைப் படித்தார். அவள் இரண்டாம் தடவையும் சொன்னாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரிசெல்வியின் குக்கர் விசில் அடித்தது. ஒரு கத்துக் கத்தினால் அவள் வருவாள். அவளிடம் போன் இருக்கிறது, ஸ்ரீலேகாவின் நம்பரும் இருக்கிறது. பூலோகம் வாயைத் திறந்தார். கூடவே கணக்கும் ஓடியது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே, டப்பாவைப் பிடுங்கிக்கொள்வார்களே, முருகம்மாளுக்கு வேலை போய்விடுமே, அவள் நல்லதுக்காகத்தான், அவசரப்படக் கூடாது. கடைசியில் வந்து நின்ற நினைப்பு எல்லாவற்றையும்விட வசதியாக இருந்தது: நடிக்கிறாள். நான் பார்க்கிறேனா இல்லையா என்று பிடிப்பதற்காக நடிக்கிறாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. முருகம்மாளின் கண் மூடியது. பூலோகம் பொத்தானை அமுக்கி ஒரு காமெடிப் படத்துக்கு மாறினார். பார்க்காதவனை யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா. படத்தில் ஒருவன் சாணிக்குழியில் விழுந்தான். பூலோகம் சிரித்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சிரித்தார்.

திரும்ப அடுக்களைக்கு வந்தபோது அங்கே கூட்டம். கேஸ் வாடை எதிர் ஃபிளாட்டுக்குப் போய், அங்கே கொடுத்து வைத்திருந்த சாவியை வாட்ச்மேன் வாங்கித் திறந்திருந்தார். இரண்டு பேர் அவளைப் போர்வையில் தூக்கினார்கள். கத்தாமல் இருந்ததே நல்லதாயிற்று என்பதுதான் அவருக்குத் தோன்றிய முதல் எண்ணம்.

சாயங்காலம் மாரிசெல்வி ஓடி வந்து, அக்கா வேலை செய்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் தையல், கை முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை என்றாள். பூலோகம் ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நன்றாகவே அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து முருகம்மாள் வந்தாள். தலையில் கட்டு, கையில் மாவுக்கட்டு. மாரிசெல்வி அவளைப் பிடித்துக் கூட்டி வந்து சுவரோரம் உட்கார வைத்தாள். பூலோகம் இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனத்தைத் தயாராக வைத்திருந்தார்: அன்றைக்கு நெட் வரவே இல்லை. அவள் அதைக் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல் அவரே அக்கறையாக ஏதாவது கேட்போம் என்று வாயைத் திறந்தார்.

"பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சே, கேஸ யாரு மூடுனா?"

பாலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாரிசெல்விக்கே தெரியாது. அவள் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். முருகம்மாள் தண்ணீர் கேட்டாள், வாங்கி முழுவதும் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பூலோகம்" என்றாள்.

மாரிசெல்வி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னையக் கட்டிக் குடுக்கையில எங்கய்யா ஒங்கிட்ட என்ன சொன்னாரு? எம் பிள்ளையப் பாத்துக்கிடுங்க மாப்ளேன்னாரு. நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்க. இனியும் பாத்துக்கிட்டே கெட, பூலோகம்."

கை சேரும்வரை அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஒற்றைக் கையால் அவரைத் துடைத்தாள், சோறு போட்டாள். பேரைச் சொல்லி, நீ என்றுதான் பேசினாள். கையத் தூக்கு பூலோகம் என்று, வேலைக்காரனைக் கூப்பிடுவது போன்ற சாதாரணக் குரல். அவர் ஒருதடவை அழுதுகூடப் பார்த்தார். அவள் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கண்ணீர் உண்மையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பூலோகத்துக்கும் தெரிந்திருக்காது.

தங்கி வேலை செய்ய முடியுமா என்று ஸ்ரீலேகா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகப் புருஷன் இருக்கிறாரே என்று முருகம்மாள் மறுத்து வந்தாள். மாவுக்கட்டு பிரித்த மறுநாள் சரி என்றாள். மாரிசெல்வியிடம் அவரைத் துடைக்கவும் சோறு கொடுக்கவும் பேசி முடித்தாள். துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். டப்பாவுக்குச் சார்ஜ் ஏற்றி, அடுக்களை தெரிகிற கட்டத்தைத் தானே அமுக்கி, அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். முதல் இரண்டு ஞாயிறு வந்தாள்.

இப்போதும் அடுக்களை தெரிகிறது. அவள் வெங்காயம் நறுக்குகிறாள், பால் காய்ச்சுகிறாள், ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறாள். மறந்துகூடக் கேமரா பக்கம் திரும்புவதில்லை. மத்தியானம் ஆனால் பூலோகம் டப்பாவை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஏட்டி முருகம்மா, இங்கன பாரு, ஒரு தடவ பாரு என்று கத்துகிறார். தொண்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரிசெல்வி தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறாள்.